படத்தின் கீழ்ப்பகுதி

கஹவத்தைக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்தின் வாசிகசாலையில், தோட்ட வரலாற்றுக் கண்காட்சிக்கெனப் பழைய படங்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஆசிரியையான நான் ஏற்றிருந்தேன். இறப்பர் பால் வெட்டும் செல்லம்மா, தம் வீட்டிலிருந்த ஒரே படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து தந்தார்.

"பத்திரமுங்க டீச்சர்."

அது சாவு வீட்டுப் படம். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் உறவினர் வரிசையாக நிற்க, முன்னே சாய்த்து வைத்த பெட்டியில் ஒரு பெண்ணின் உடல் கிடந்தது. பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றெண்ணிக் கீழ்ப்பகுதியைக் கத்தரித்துக் குப்பையோடு எரித்தேன். நிற்பவர்களை மட்டும் 'ஒரு தொழிலாளர் குடும்பம்' என்று எழுதி ஒட்டினேன்.

கண்காட்சி நாளில் செல்லம்மா தம் புது மருமகளை இழுத்துக்கொண்டு வந்தார்.

"வா புள்ள, எங்கம்மாவப் பாரு. ஒன்னயவிட அழகு, பொறாமப்படாத!"

படத்தின் முன்னே அவர் சிரிப்பு நின்றது.

"எங்கம்மா எங்கங்க?"

"செத்தவங்க படத்த எப்படி மாட்டுறதுன்னு, வெட்டிட்டேங்க."

"உசிரோட இருக்கையில எங்கம்மாவுக்கு யாருங்க படம் புடிச்சா? அடக்கத்தன்னிக்குத்தான் டவுன்லருந்து ஆள் வந்துச்சு. அந்தத் துண்டக் குடுங்க, போதும்."

எரித்துவிட்டதைச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை.

"எப்படி இருப்பாங்க மாமி?" என்று மருமகள் மெல்லக் கேட்டாள்.

செல்லம்மா படத்தின் வெட்டிய விளிம்பை விரலால் தடவினார்.

"அப்ப நான் சின்னப் புள்ள. படத்தப் பாத்துத்தான் தெரியும்."

அதன்பின் எவர் படத்திலும் நான் கத்தரிக்கோல் வைத்ததில்லை. ஆனாலும் அந்த முகம் மீளப்போவதில்லை.