முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

இன்று காலை எங்கள் சபையின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி. யாரோ ஓர் அம்மாவின் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக ஸ்தோத்திரம். கீழே வரிசையாகக் கும்பிடும் மஞ்சள் கைகள். நான் மட்டும் அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, "நெசமாவே முடிஞ்சிட்டா? கண்ணு தெரியுதா அவியளுக்கு?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார். நியாயம்தான். ஸ்தோத்திரத்தைக்கூட விசாரித்துவிட்டு நம்புகிற என் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்குப் பதினாறு வயதில் எஸ்தர் அக்காவுக்குக் கிட்னி கெட்டுப்போனது. திருநெல்வேலியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றுவிட்டார்கள். கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டை ஒட்டி எங்கள் தெரு. பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கோயில் பெண்கள் ஏழெட்டுப் பேர் (சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் நாங்கள் சொல்வது) ஒட்டுகிற வேலையையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அக்காவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, கை ஒட்டும், வாய் பாடும். ராகம் ஆளுக்கொரு திசையில் போகும். ஜெபத்திலும் கண்ணை மூட மாட்டார்கள். மூடினால் பெட்டி கோணிப்போகும். மைதாப் பசை வாசனை எனக்கு இன்றைக்கும் ஜெபத்தின் வாசனைதான். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அக்கா முனக மாட்டாள்.

அம்மாவுக்கு அது போதவில்லை. ஏதோ ஒரு கூட்டத்தில் ஒரு பிரசங்கியார், கிடைப்பதற்கு முன்பே நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று பேசியிருந்தார். எங்கள் கோயிலில் எதற்காக ஸ்தோத்திரம் என்று எழுதிக் காணிக்கைக் கவரில் ஒரு சீட்டு வைத்தால், உபதேசியார் அதை ஞாயிறு ஆராதனையில் சத்தமாக வாசிப்பார். வீட்டில் கையெழுத்து நன்றாக இருப்பது எனக்குத்தான். அந்தப் பெருமை வேறு.

"எஸ்தர் பூரண சொகமானதுக்குன்னு எழுதுட்டி."

"இன்னும் ஆகலையேம்மா."

"அவிசுவாசம் பேசாத. எழுது."

எழுதினேன். குண்டு குண்டாக, அழகாக. உபதேசியார் வாசித்தார். கோயிலே ஆமென் சொன்னது.

திங்கட்கிழமை நாலு மணிக்கு யாரும் வரவில்லை. சுகமான வீட்டுக்கு எதற்கு வருவார்கள்? அடுத்த தெருவில் பக்கவாதத்தில் விழுந்தவர் ஒருவர் இருந்தார், அங்கே போய்விட்டார்கள்.

"ஏட்டி, ஏன் ஒருத்தரும் வரல? எம்மேல வருத்தமா அவியளுக்கு?" என்றாள் அக்கா.

அடுத்த தெரு கூப்பிடு தூரம்தான். அவர்களைக் கூட்டி வர ஓடினேன். அம்மா எங்கள் வாசலிலேயே மறித்தாள். "இப்பப் போயிச் சொன்னா ஸ்தோத்திரம் பொய்யாயிரும்." திரும்பி வந்துவிட்டேன். செவ்வாயும் யாரும் இல்லை. புதன்கிழமை அக்கா தானே பாட ஆரம்பித்து, இரண்டாவது சரணத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். "நீயாவது பாடுட்டி" என்றாள். அம்மா மேல் இருந்த கோபத்தில் நான் பாடவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் அக்கா போய்விட்டாள்.

அன்றைக்கு எல்லோரும் ஓடி வந்தார்கள். பசை காயாத கையோடு ஒரு பெரியம்மா, "சொகமாயிட்டுன்னுல்லா வாசிச்சாவ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா அழாமல் பதில் சொன்னாள்: "ஆமா. கர்த்தர் பூரண சொகம் குடுத்துட்டாரு." சாகும்வரை அதை நம்பினாள், அதிலேயே ஆறுதலும் அடைந்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. நான் பாடாத அந்தச் சரணத்துக்கு எந்த வேதத்திலும் ஆறுதல் கிடைக்கவில்லை.

இப்போது அந்தத் தெருவில் பசை வாசனை இல்லை. பெட்டியெல்லாம் மிஷின் செய்கிறது. அந்தப் பெண்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. போன வருஷம் என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தபோது, ஜெபிக்கச் சொல்லிக் குழுவில் போட்டேன். மஞ்சள் கைகள் வந்து குவிந்தன. தினமும் நாலு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தேன். சுகமாகிவிட்டது என்று இந்த முறை நான் யாருக்கும் எழுதவில்லை. அப்படியும் ஒருத்தரும் வரவில்லை.