ரோசி விட்டுவைத்த இரண்டு எண்ணிக்கை

மெட்ரோ ரயில் தண்டையார்பேட்டை தாண்டி, மண்ணுக்குள்ளிருந்து மேலேறி வெளிச்சத்துக்கு வந்த நொடியில் போன் அடித்தது. ரோசியின் அக்கா மகள் ஷீலா. "சித்தி காலையில தவறிப்பூட்டாங்க பெரிம்மா" என்றாள். ரயில் மொட்டைமாடிகளுக்கு மேல் மிதந்துகொண்டிருந்தது. காய்கிற புடவைகள், தண்ணீர்த் தொட்டிகள், தூரத்தில் எண்ணூர்ப் புகைபோக்கிகள். தரையில் இருந்திருந்தால் அழுதிருப்பேன். உயரத்தில் எனக்கு அழ வராது. பழக்கம் அப்படி.

இதைப் படிக்கிற, நம் சர்க்கஸ் கூடாரத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஊஞ்சல் பாரில் பறந்தவள் ரோசி. எதிர்ப் பாரில் தலைகீழாகத் தொங்கி அவளைப் பிடித்தவள் நான். பதினான்கு வருஷம். நான் "ஹப்" என்றதும் அவள் பாரை விட வேண்டும். காற்றில் இரண்டு எண்ணிக்கை. அந்த நேரம் கையை நீட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பறக்கிறவள் பிடிக்கக் கூடாது. மணிக்கட்டைப் பிடிப்பது என் வேலை. உள்ளங்கை வியர்த்து வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது.

புதிதாக வந்த பெண்கள் மேலே ஏறி நடுங்கினால் ரோசி சிரிப்பாள். "கீய பாக்காதடி. கீய கீறது எங்கியும் பூடாது."

அப்படிச் சொன்னவளே ஒரு மதிய ஆட்டத்தில் பயந்தாள். இரண்டு எண்ணுவதற்குள் பாய்ந்து என் விரல்களைப் பறித்தாள். என் விரல் முறிந்தது, அவள் வலையில் விழுந்தாள். எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் "அக்கா லேட்டு" என்றாள். நான் தாமதமாக வரவில்லை. கோணிப்போன என் மோதிர விரல் இன்றும் சாட்சி. அன்று அவள் பக்கம் தலையாட்டியவர்கள் மூன்று பேர். நீங்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். பெயர் எழுதவில்லை, மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். கூடாரமும் கலைந்தது. கல்மண்டபத்தில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பல வருஷம் கழித்து ரோசி ஷீலாவைத் தூது அனுப்பினாள். "சித்தி காசிமேட்டு வலைக் கிடங்குல தனியா ஒரு ஆட்டம் கட்டுறாங்க. நேரம் சரியா நிக்கலியாம். உங்கள வந்து பாக்கச் சொன்னாங்க."

"நான் லேட்டுன்னு அவதான சொன்னா? லேட்டாவே வரேன்னு சொல்லு" என்று அனுப்பிவிட்டேன்.

ஆறு மாதம் போனது. ஒரு காலை காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஷீலா சொன்ன வலைக் கிடங்கின் கதவு திறந்திருந்தது. கால் தானாக நின்றது.

முதலாளி இல்லை, பேண்டு வாத்தியம் இல்லை, ஜிகினா உடுப்பு இல்லை. உத்தரத்தில் கட்டிய ஒரு பார். கீழே மீன்வலைகளைக் குவித்துப் போட்டிருந்தாள் ரோசி. கூரை ஓட்டை வழியே வெளிச்சம் துண்டு துண்டாக விழுந்தது. பேண்ட்டுக்கு மேல் நைட்டி போட்டுக்கொண்டு, ஆடுகிற பாரில் உட்கார்ந்து தலை வாரினாள். டம்ளரில் டீ குடித்தாள், சிந்தவில்லை. சாய்ந்து கண்ணயர்ந்தாள். சுவரில்லாத ஒரு வீடு காற்றில் இருப்பது போலவும், அவள் அதில் காலங்காலமாகக் குடியிருப்பது போலவும் இருந்தது. கடைசியில் முழங்காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கி, யாருமில்லாத பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டிய வேகத்தில் காற்றைப் பறித்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "அவசரம்! எப்பவும் அவசரம்டி ஒனக்கு!"

தலைகீழாகவே பார்த்தாள். "வந்துட்டியாக்கா? லேட்டு."

"இந்த வயசுல இன்னாத்துக்குடி ஒத்தையில தொங்கிகினு கீற? வவ்வாலா நீ?"

"வவ்வாலுக்குத் தூக்கமாச்சும் வரும். எனக்கு அதுவும் இல்ல."

"யார பாத்து கைய நீட்ற? அங்க யாரு கீறா?"

அவள் சிரிப்பு நின்றது. பார் மட்டும் ஆடியது. "அது நீ வர்ற எடம்க்கா. அன்னிக்கி நீ கரெக்டாதான் வந்த. நான்தான் பயந்துகினு புட்சிட்டேன். அத்த வாயால சொல்லத் தெரியாமதான் இந்த ஆட்டத்தையே கட்டினேன். அந்த ரெண்டு எண்ணிக்க மட்டும் நிக்க மாட்டேங்குது. இப்பவும் கை பறக்குது."

மீன் பையைத் தரையில் வைத்தேன். "எறங்காத. மொதல்லேர்ந்து ஆடு" என்றேன். அவள் தலை வாரினாள், டீ குடித்தாள், கண்ணயர்ந்தாள், தொங்கினாள். "ஹப்" என்றேன். அன்று மீன் கெட்டுப்போனது. மகள் திட்டினாள்.

அப்புறம் தினமும் போனேன். மழைக்காலம் முடியும்போதுதான் அவள் கை நின்றது. வலை பின்னுகிற பெண்களுக்கு முன்னால் முதல் ஆட்டம். நைட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள், டீக்குக் கைதட்டினார்கள். அவள் கையை நீட்டி அப்படியே நின்றபோது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. பின்னாலிருந்து ஒருத்தி, "யாராச்சும் புடிங்கம்மா அவள!" என்று கத்திவிட்டாள். இறங்கி வந்த ரோசி என் காதில், "அது ஒன்னத்தான்க்கா சொல்லுது" என்றாள்.

இன்னும் சில இடங்களில் ஆடினாள். பிறகு நோய் வந்து படுத்தாள்.

பெட்டியில் அவள் கைகளைச் சேர்த்து ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் விரலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். இரண்டு எண்ணினேன். அவள் மேல் இருந்த கோபத்தை அங்கேயே விட்டேன். அந்த மூன்று பேர் மேல் உள்ளது இன்னும் பத்திரமாக இருக்கிறது.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த இரண்டு எண்ணிக்கைதான். ரயில் மண்ணைவிட்டு வெளிச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் மனதுக்குள் "ஹப்" என்கிறேன். ஒன்று. இரண்டு. ரோசி இப்போது அவசரப்படுவதில்லை.