சுவரில் ஒட்டிய பொய்கள்

மரக்காணத்தில் ஒரு உப்புக் கிடங்கில் நான் வைத்த கண்காட்சிக்கு, படத்தில் இருந்த பெண்ணே வந்துவிட்டார். உப்பளத்தில் குந்தியபடி முந்தானையால் கண்ணைத் துடைக்கும் படம். யாரோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட, ஆளுக்கொரு கதை கட்டிப் பரப்பினார்கள். அந்தக் கதைகளைப் படத்தைச் சுற்றி ஒட்டி, பெரிய புத்திசாலியாக மேலே 'பொய்கள்' என்று எழுதியிருந்தேன்.

அவருக்குச் சிவந்த கண்கள். பேசும்போதும் முந்தானை கண்ணுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"வெயில்ல உப்பப் பாத்தா கண்ணு கூசும்ங்க, தண்ணியா ஊத்தும். அதப் போய் எடுத்துட்டான். இன்னா எழுதியிருக்குது, படிங்க."

'புயலில் கணவனை இழந்தவர்' என்று படித்தேன்.

"அந்தாளு வூட்ல தூங்கினு இருக்காரு" என்று சிரித்தார்.

'மகன் கைவிட்ட தாய்' என்றதும் சிரிப்பு நின்றது.

"இத மட்டும் எடுத்துடுங்க."

"பொய்னுதானேம்மா போட்டிருக்கேன்?"

"அப்ப பொய்தான். துபாய்ல எம் புள்ளகூட வேலை செய்றவங்க இதக் காட்டி அவனக் கேவலமா பேசியிருக்காங்க. நான்தான் அப்படிச் சொன்னேன்னு நெனச்சுக்கினான். அதுலேர்ந்து போனே பண்றதில்ல. இப்ப நெஜமாயிடுச்சுங்க."

கிழித்து எடுத்தேன். அவர் மறுபடி கண்ணைத் துடைத்தார். கிடங்குக்குள் கண் கூச வெயிலே இல்லை.