நின்று நின்று ஓடிய கார்

எங்கள் கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால்தான் அதை டியூனிங் செய்யக் கொடுத்தார்கள். நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. அம்மாவுக்கு வேளாண்மை அலுவலகத்தில் வேலை. விதை, உரம், பயிர்ச் சேதம் என்று குருவிகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களுக்கெல்லாம் போய்வர வேண்டும். அதற்காக வாங்கிய வெள்ளைக் கார், எங்களிடம் வருவதற்கு முன்பே இரண்டு வீடுகளில் வாழ்ந்து முடித்திருந்தது. அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணக்கு வாத்தியாரான அவருக்குக் காரைப் பற்றிப் படிக்கத் தெரியும். எஞ்சினை வருடம் ஒரு முறை டியூனிங் செய்ய வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, வெளியூரில் ஒரு பெரிய பட்டறையில் விடச் சொன்னார்.

மூன்றாம் நாள் அது எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை போலப் பளபளப்பாகத் திரும்பி வந்தது. புது பிளக் போட்டாயிற்று, கார்புரேட்டரைக் கழுவியாயிற்று என்று பட்டறைச் சீட்டில் வரிசையாக எழுதியிருந்தது. ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. நிறுத்தினால்தான் வினை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் உடம்பெல்லாம் ஒரு நடுக்கம், இரண்டு குலுக்கல், அவ்வளவுதான், அணைந்துவிடும். ரயில்வே கேட்டில் அணையும். பூ மார்க்கெட் முன்னால் பஸ்ஸுக்கு வழிவிட்டால் அணையும். அதனால் அம்மா நிற்காமலே ஓட்டப் பழகினாள். கேட் மூடியிருப்பது தூரத்தில் தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து, ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து, ரயில் போய்க் கேட் திறக்கிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்வாள்.

விடுமுறை என்பதால் என்னையும் கூடவே அழைத்துப் போவாள். பின்சீட்டில் படுத்திருந்த எனக்கு அந்த ஊர்ந்த பயணம் பிடித்திருந்தது. ஜன்னலில் ஒரு காற்றாலை வரும். அதன் இறக்கை ஒன்று மெதுவாக மேலே ஏறும். அது கீழே இறங்குவதற்குள் கண் செருகிவிடும். எஞ்சினுக்குள்ளிருந்து, யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுப்பதுபோல ‘ஸ்ஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருக்கும். விழித்தால் வேறு ஊராக இருக்கும், வெளிச்சமும் வேறாக இருக்கும். நடுவில் எங்கே போயிருந்தேன் என்று தெரியாது.

அப்பா ஒரு நோட்டில் கட்டம் போட்டார். வண்டி நின்ற இடம், நேரம், வெயிலா நிழலா. அம்மா வேலையிலிருந்து வந்ததும் அவளை உட்காரவைத்துக் கேட்டு நிரப்புவார். பெட்ரோல் பங்க்கை மாற்றிப் பார்த்தார்கள். பேட்டரியைச் சோதித்தார்கள். அந்தப் பெரிய பட்டறைக்கே மறுபடி கொண்டுபோனபோது அவர்கள் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்துக் காட்டி, “நல்லாத்தானே இருக்கு, செட்டாக நாலு நாள் ஆகும்” என்றார்கள். நாலு நாள் ஆயிற்று. கடைசியில் அப்பா தன் கட்டங்களையெல்லாம் கூட்டிக் கழித்து, அம்மா கிளட்ச் மிதிப்பதில் ஏதோ தப்பு இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். அன்றைக்கு வீட்டில் அதற்குமேல் காரைப் பற்றிப் பேச்சே இல்லை.

ராஜபாளையம் ரோட்டில் பம்புசெட் எஞ்சின்களைப் பழுது பார்க்கிற ஒரு பட்டறை உண்டு. அதைக் கடக்கும்போதெல்லாம் அம்மா பக்கவாட்டில் திரும்பாமல் ரோட்டையே பார்த்து ஓட்டுவாள். அது மாமாவின் பட்டறை, அவர் அம்மாவின் ஒரே அண்ணன் என்று எனக்குத் தெரியும். அம்மா தன் இஷ்டப்படி அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை என்பதும் தெரியும். எங்கள் ஊரிலிருந்து போகிற தென்காசி பஸ் சிவகிரி வழியாகப் போகாது என்பது போல அதுவும் எனக்கு ஒரு தகவல், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பட்டறைக்கு நேர் முன்னால் வந்ததும் அம்மா காலை எடுத்தாள். எதிரே பஸ் இல்லை. குறுக்கே ஆடு இல்லை. எதற்காக நிறுத்துகிறாள் என்று நான் எழுந்து பார்ப்பதற்குள் கார் நடுங்கி, குலுங்கி, அணைந்தது. அம்மா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

உள்ளேயிருந்து மாமா கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நெட்டையான ஆள். குனிந்து ஜன்னல் வழியாக என்னைத்தான் பார்த்தார்.

“ஏட்டி, என்ன செய்யுதாம் வண்டி?”

நான் அம்மாவைப் பார்த்தேன்.

“நின்னா அணைஞ்சு போகுதுன்னு சொல்லு” என்றாள்.

சொன்னேன்.

“வண்டிய எங்கன வேலைக்கு விட்டாளாம்னு கேளு.”

“டியூனிங்குக்கு விட்டோம், அதுலேர்ந்துதான் இப்படின்னு சொல்லு.”

இரண்டு பேருக்கும் நடுவில் கார்க் கதவு மட்டும்தான் இருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை சிந்தாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. பெருமையாக இருந்தது.

மாமா பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தனக்குள் சொல்வதுபோல “பன்னெண்டு” என்றார். தரையில் ஸ்பேனர்கள் சிதறிக் கிடந்தன. இறங்கி வந்து நின்றிருந்த அம்மா குனிந்து அவற்றில் ஒன்றை எடுத்து நீட்டினாள். அதில் பொறித்திருந்த எண்ணைப் பார்க்கக்கூட இல்லை. மாமா அதை வாங்கிக்கொண்டார். எதையோ கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

“சூடு ஆறணும். நாளைக்குக் கொண்டாரச் சொல்லு.”

மறுநாள் பட்டறையில் அம்மா போன் பேசத் தள்ளிப் போயிருந்தாள். மாமா ஒரு கையால் ஆக்சிலேட்டர் கம்பியை லேசாக இழுத்துப் பிடித்திருந்ததில் எஞ்சின் அணையாமல் நடுங்கிக்கொண்டு ஓடியது. நான் பம்பரைப் பிடித்து எம்பி, மாமா பார்ப்பதையே பார்த்தேன். எஞ்சினின் பக்கவாட்டில் கட்டைவிரல் பருமனுக்குக் குழாய் முனை ஒன்று வாயைத் திறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் எதிலும் மாட்டாமல் தொங்கியது. மாமா அந்த முனையில் கட்டைவிரலை வைத்து அடைத்தார். ‘ஸ்ஸ்’ நின்றது. நடுக்கம் நின்றது. எங்கள் தெருவில் தறி ஓடுவதுபோல எஞ்சின் ஒரே சீராக ஓடியது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு விரலை எடுத்தார். பழைய நடுக்கம் வந்தது. ரப்பர் குழாயைத் தூசி போகத் துடைத்து, முன்பு எப்படித் தொங்கியதோ அப்படியே தொங்கவிட்டார்.

அம்மா வந்தாள். “கார்புரேட்டரக் கழத்திப் பாக்கணும். நாளைக்குக் கொண்டாரச் சொல்லு” என்றார் மாமா.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவிடம் சொன்னேன். “மாமா விரல வச்சதும் வண்டி சரியாயிட்டும்மா. பெறகு எடுத்துட்டாங்க.”

அம்மா ரயில்வே கேட் தாண்டும்வரை ஊர்ந்து ஓட்டினாள். கடைசியில், “அப்பாட்ட சொல்லாத, என்னா?” என்றாள். சொன்னால் அப்பா நோட்டை முதலிலிருந்து எழுத வேண்டிவரும் என்பதால் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒன்பது சாயங்காலங்கள். ஒவ்வொரு நாளும் மாமா நல்லபடியாக இருந்த ஏதாவது ஒன்றைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். எனக்குக் காரச்சேவு வாங்கித் தருவார். பெட்ரோல் வாசனையும் சேவு வாசனையும் கலந்து, மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் போகிற நேரம் வரை அங்கேயே இருப்போம். ஒரு நாள், ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று மாமாவே ஓட்டினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் படுத்துக்கொண்டேன். காற்றாலைகள் வந்தன, போயின. அரைத் தூக்கத்தில் இரண்டு குரல்கள் கேட்டன.

“அந்தச் சத்தம் கேக்குதாட்டி?”

“கேக்குதுண்ணே.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். என்னைக் கேட்காமல் அவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை போய்விட்டது என்று துக்கமாக இருந்தது.

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இவளுக்கு இன்னும் காது குத்தலியா?”

என் வகுப்பில் காது குத்தாத பெண் நான் ஒருத்திதான். அப்பா எத்தனையோ முறை நகைக்கடைக்குக் கூட்டிப்போகக் கிளம்பியும் அம்மா ஒத்துக்கொண்டதில்லை. அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “மாமன் மடி வேணும்லா.”

மாமா அடுத்த திருப்பத்திலேயே வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினார்.

பட்டறைக்கு வந்ததும் பானெட்டைத் திறந்தார். கையை உள்ளே விட்டு அந்த ரப்பர் குழாயை முனையில் மாட்டி அழுத்தினார். பானெட்டை மூடினார்.

“சரியாயிட்டு. இனி கொண்டார வேண்டாம்னு சொல்லு” என்றார் என்னிடம். எனக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் அம்மாவிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வாய் வரவில்லை.

டியூனிங்குக்குப் பிறகு அன்றைக்குத்தான் ரயில்வே கேட்டில் தைரியமாக நின்றோம். எஞ்சின் அணையாமல் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கார் சரியாகிவிட்ட சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். அப்பா நோட்டில் ‘சரி’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

ஒரு வாரம் போனது. எனக்கு அந்தச் சாயங்காலங்கள் வேண்டும்போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா காரைக் கழுவ பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனபோது, கையை விட்டு அந்தக் குழாயைப் பிடுங்கிவிட்டேன். கழுவி முடித்து ஸ்டார்ட் செய்ததும் கார் நடுங்கியது. அப்பா நோட்டை எடுக்க உள்ளே ஓடினார்.

அம்மா இறங்கினாள். பானெட்டைத் தூக்கினாள். எதையும் தேடவில்லை. கை நேராக உள்ளே போனது. குழாய் மாட்டிக்கொண்டது. பிறகு என் கையைப் பார்த்தாள், விரலெல்லாம் கருப்பு. நான் அழத் தயாரானேன். அவள் என் கையைத் தன் சேலையிலேயே துடைத்துவிட்டு, “ஏறு” என்றாள்.

நோட்டோடு வந்த அப்பா வாசலில் நிற்க, நாங்கள் போய்விட்டோம். பட்டறை முன்னால் நிறுத்தினாள். எஞ்சின் அணையவில்லை.

மாமா வெளியே வந்து என்னைப் பார்த்தார். “என்ன செய்யுதாம்?”

நான் வழக்கம்போல அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“ஒண்ணும் செய்யலண்ணே. நல்லா ஓடுது.”

“பெறகு?”

“சும்மாத்தான் வந்தேன்.”

மாமா நின்றார். ரோட்டில் ஒரு பஸ் போய், அதன் புழுதி அடங்கும்வரை நின்றார். பிறகு உள்ளே போய்த் தொட்டியடியில் குத்தவைத்து, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். நகக்கண்களையெல்லாம் தேய்த்தார். ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்து, திரும்பி என் காதைப் பார்த்தார்.

“என்னைக்கு வச்சிருக்க?”

“நீ சொல்லுத அன்னைக்கு.”

கார் எங்கள் வீட்டை நோக்கித் திரும்பியது. நான் பின்சீட்டில் விழித்தபடியே, எங்காவது ஒரு குலுக்கல், ஒரு நடுக்கம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒன்றும் இல்லை. பழுதான காரைப் பத்து நாளுக்கு மேல் வைத்துக்கொண்டு சரிசெய்யாத மனிதர், ஒரு கோளாறும் இல்லாத காருக்கு எதற்காக இப்படிக் கைகழுவிச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.