நாங்கள் பிரிக்காத கூரை

நான் உபதேசியாராகப் போன முதல் சபை, மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற வழியில் ஒரு மேட்டின்மேல் இருந்தது. ஞாயிறு ஜெபமும் வாரநாளில் பள்ளிக்கூடமும் நடத்துவது என் வேலை. கோவிலுக்கு ஓடு போட்டிருந்தார்கள். உபதேசியார் வீட்டுக்குப் பனையோலை. கர்த்தருடைய வீடு ஒழுகக் கூடாது, உபதேசியார் வீடு கொஞ்சம் ஒழுகினால் பாதகமில்லை என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். நான் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் வயல்காட்டு ஊரில் வளர்ந்தவன். மலையோரத்து மழை என்றால் என்னவென்று அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வைகாசிப் பாதியில் பிடித்தால் ஆடி வரைக்கும் விடாது.

அந்தப் பக்கத்தில் ஓலை வீட்டை வருஷாவருஷம் மேய வேண்டும். சித்திரையில் ஓலை வெட்டி, அடுக்கி, மேலே கல்லைத் தூக்கி வைத்துப் படிய வைப்பார்கள். பிறகு ஒரு நாள் குறிப்பார்கள். அன்று அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லாரும் விடியும்போதே வந்து பழைய ஓலையைப் பிரித்துக் கீழே தள்ளி, பொழுது சாய்வதற்குள் புது ஓலையைக் கட்டி முடித்துவிடுவார்கள். கூலி கிடையாது. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் வயிறு நிறையப் போட்டால் போதும். இன்று என் வீடு, நாளை உன் வீடு.

இதில் ஒரு விலக்கு உண்டு. கர்ப்பிணி இருக்கிற வீட்டின் கூரையைப் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஆகாதாம். ஞானஸ்நானம் பெற்று இரண்டு தலைமுறை ஆன சபை ஆனதால் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதிலும் உபதேசியார் காதுபடச் சொல்லவே மாட்டார்கள். நானோ சகுனம் பார்ப்பதையும் நாள் பார்ப்பதையும் கண்டிப்பதில் பேர் வாங்கியவன். பீடத்தில் ஏறிவிட்டால் பல்லியையும் பூனையையும் சும்மா விட மாட்டேன்.

நாங்கள் போன முதல் வருஷமே இது சோதனைக்கு வந்தது. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். மேய்கிற நாளில் ஆண்கள் வந்து முற்றத்தில் நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். "ஏறுங்கள், ஏறுங்கள்" என்று நானே ஏணியைப் பிடித்துக் கொடுத்தேன். ஏறினார்கள். பிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் புதுக் கூரை வந்துவிட்டது. மூன்றாம் நாள் அவளுக்கு வலி கண்டது. ஆண்பிள்ளை பிறந்தது. அது அழவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் நானே ஜெபம் செய்து, நானே முதல் பிடி மண்ணைப் போட்டேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் கூரையைப் பற்றி வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கூரைக்கும் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவர் சொன்னதை அப்படியே சபையிலும் வந்து சொன்னேன். ஒருவர்கூட என்னைக் குத்திப் பேசவில்லை. குத்தியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு என் மனைவி சபைக்கும் வந்தாள், சமையலும் செய்தாள், கேட்டதற்குப் பதிலும் சொன்னாள். சிரிப்பு மட்டும் அவளை விட்டுப் போய்விட்டது.

இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடியும் உண்டானாள். தாய் இறந்துபோனதால் பேறுகாலத்துக்குப் போகத் தாய்வீடும் இல்லை. சித்திரை வந்தது. "மேயுறதுக்கு நாள் குறிக்கல்லியா?" என்று அவளே கேட்டாள். குறித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு அன்று மத்தியானமே பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பனையேறி. ஊரில் எந்த வீட்டை மேய்ந்தாலும் முகட்டில் உட்காருகிறவர் அவர்தான். பாளை சீவும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் என் வீட்டுக்கு மேய வரவேண்டாம்" என்றேன்.

"எதுக்கு உபதேசியாரே?"

நான் திரும்பி என் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அரிவாளைக் கீழே வைத்தார்.

"நான் சொன்னேன்னு வீட்டில தெரியப்பிடாது."

"செரி. உபதேசியாரம்மா கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"கை சுளுக்குன்னு சொல்லும்."

இப்படிப் பதினொரு வீட்டுக்கு நடந்தேன். பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற ஆள், வீட்டுக்கு ஒரு பொய்யாகக் கையில் கொடுத்துக்கொண்டே போனேன். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் கல்யாண வீடு, ஒருவருக்கு மாட்டுக்கு நோவு. எட்டாம் வீடு வந்தபோது கைவசம் சரக்கு தீர்ந்துவிட்டது. கை சுளுக்கையே திரும்பக் கொடுத்தேன். அங்கிருந்து கடைசி வீடு வரைக்கும் அதையே கொடுத்தேன். பனையேறிக்குப் பிறகு காரணம் ஒருவரும் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு அவர்களும்தானே வந்திருந்தார்கள்.

குறித்த நாளில் அவள் கிழங்கை அவித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஊரில இருக்கிற ஆம்பிளைகளுக்கெல்லாம் ஒரே நாளில கை சுளுக்குமா?"

"சில சமயம் அப்படி வரும்" என்றேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்கே அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

பனையேறி பாவம், சொன்ன பொய்யை மரியாதையாகக் காப்பாற்றினார். வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் எங்கள் வேலியைக் கடப்பார். பனைக்கூட்டத்துக்குப் போனதும் அவிழ்த்துவிட்டு மரம் ஏறுவார். இறங்கியதும் மறுபடி சுற்றிக்கொள்வார். ஒரு நாள் காலையில் என் மனைவி சுள்ளி பொறுக்கப் போனவள், அண்ணாந்து பார்த்துவிட்டாள். மனிதர் உச்சியில் இரண்டு கையாலும் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் இறங்கி வரும்வரை அவள் மரத்தடியிலேயே நின்றாள்.

"சுளுக்கு பனையில ஏறினா இருக்காது, உபதேசியார் வீட்டுல ஏறினாத்தான் வருமோ? நாங்க தூரத்து ஊர்க்காரங்க, கேட்க ஆளில்லன்னுதானே? உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு உண்டா?"

அவள் வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டாள். அவர் துணியைக் கையில் சுற்றிக்கொண்டே தலைகுனிந்து நின்றார். "இப்பம் கொஞ்சம் கொள்ளாம் உபதேசியாரம்மா, நோவு கொறஞ்சிருக்கு" என்றதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைத் தேடிப் போன நான் பனைக்கூட்டத்து வேலிக்கு இந்தப்பக்கம்தான் நின்றேன். எல்லாம் என் காதில் விழுந்தது. இரண்டு எட்டு வைத்துப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அதற்கு இன்றுவரை என்னிடம் சமாதானம் இல்லை.

பிறகு மழை வந்தது. முதல் இரண்டு நாள் தாங்கிய கூரை மூன்றாம் நாள் கைவிட்டது. ஓலைக்கூரை ஒழுகினால் தெளிந்த தண்ணீர் வராது. ஒரு வருஷத்து அடுப்புப் புகையும் கரைந்து, கருப்பட்டிக் காப்பி நிறத்தில் சொட்டும். துணியில் பட்டால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. வீட்டிலிருந்த பானை, சட்டி, குடம் எல்லாம் தரையில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தன. கயிற்றுக் கட்டிலை மூலைக்கு மூலை இழுத்தேன். நாங்கள் போகிற இடத்துக்கெல்லாம் ஒழுக்கும் கூடவே வந்தது. கடைசியில் அவள் படுத்திருக்க, கட்டிலுக்கு மேலே ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவள் ஊராரைத் திட்டுவாள். நான் குடையை நேராக்குவேன்.

மாதத்துக்கு ஒரு முறை வருகிற போதகர் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். "நாள் நட்சத்திரம் பார்ப்பதைக் குறித்துப் பேசும். அது உமக்கு நன்றாக வருமே" என்றார். மறுக்க வழியில்லாமல் பேசினேன். பதினொரு வீட்டு ஆண்களும் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் சிரித்திருந்தால்கூட என் குற்றம் கொஞ்சம் குறைந்திருக்கும். எல்லாரும் பாயின் கோடுகளை எண்ணுகிறவர்களைப்போல் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டுத் தடுமாறி முடித்தபோது, பனையேறி எல்லாருக்கும் முந்திக்கொண்டு சத்தமாக "ஆமென்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அடுக்களைச் சுவரில் ஒரு பாகம் விழுந்து கிடந்தது. மண் சுவர், மேலிருந்து வழிந்த தண்ணீரில் ஊறிப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இடிந்த மண்ணுக்கடியில் தணல் இன்னும் புகைந்தது; கால் நாழிகை முன்னால் அவள் அங்கேதான் அடுப்பு மூட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். பிள்ளைக்கு ஆகாது என்று கூரையைப் பிரிக்காமல் விட்டேன். பிரிக்காத கூரை பிள்ளையையும் தாயையும் சேர்த்துக் கொன்றிருக்கும்.

அவளைக் காணோம். பின்பக்கம் ஓடினேன். ஏணியைச் சாத்தி, இடுப்பில் ஒரு கட்டு ஓலையைச் செருகிக்கொண்டு, அந்த வயிற்றோடு நாலாவது படியில் நின்றாள்.

"ஏறாதே, இறங்கு!"

"நான் ஏறாம பின்ன ஆரு ஏறுவா? நீங்களா? உங்க சபை ஆளுகளா?"

"அவங்க மேல குத்தம் இல்ல. நாந்தான் வரவேண்டாம்னு சொன்னேன். வீடு வீடாப் போய்ச் சொன்னேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "எதுக்கு?"

என் கண் அவள் வயிற்றுக்குப் போயிற்று. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு படியாக இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தாள். வசை எல்லாம் இனி என் தலையில் என்று நான் தயாராக நின்றேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"இத முதல்லயே சொல்லப்பிடாதா? நாள் குறிக்கணும்னு உங்ககிட்ட சொல்லிட்டு, உள்ள போயி, நீங்க குறிக்கப்பிடாதேன்னு முழங்கால்ல நின்னேன். உபதேசியாருக்க பெண்டாட்டியே பயந்துட்டான்னா உங்க பிரசங்கத்துக்கு என்ன மதிப்பு? அதனால வாயைத் திறக்கல்ல. ஆரும் வராதப்போ உள்ளுக்குள்ள நிம்மதி, அந்த வெக்கத்தத்தான் பாவம் அவங்க மேல கொட்டினேன்."

"அப்போ எதுக்கு ஏணியில ஏறினே?"

"சுவரு விழுதே! எதுக்குப் பயப்படணும்னே தெரியல்ல எனக்கு."

அவள் பக்கத்தில் மழையிலேயே உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக் காத்திருக்கிறோம். அவள் எனக்காக மறைத்தாள், நான் அவளுக்காக மறைத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் என் மானத்துக்காகத்தான் நான் மறைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து, நனைந்த சேலையோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். பனையேறியும் அவர் மனைவியும் அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அந்தத் துணியைத் தொட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். உடனே கையிலிருந்த துணியை அவிழ்த்து அடுப்புக்குள் போட்டார். "அண்ணைக்கு மரத்துமூட்டுல நீங்க தந்ததுலயே சரியாப் போச்சு."

அவர் மனைவி இவளைப் பிடித்து உள்ளே இழுத்துத் தலையைத் துவட்டினாள். "பிள்ள பிறக்கது வரைக்கும் இஞ்ச கெடக்கட்டும். எங்க கூரை சித்திரையிலயே மேஞ்சது. ஒரு சொட்டு விழாது" என்றாள். எங்கள் வீட்டைவிடச் சின்ன வீடு அது. அவருடைய பிள்ளைகள் அன்றிலிருந்து மூலையில் சுருண்டு படுத்தன.

மறுநாள் பதினொரு வீட்டு ஆண்களும் வந்தார்கள். சுவருக்குப் பனந்தடி கொடுத்து நிறுத்தினார்கள். கூரையில் ஒரு கட்டைக்கூட அவிழ்க்காமல், உள்ளே நின்றபடியே ஒழுகுகிற இடம் பார்த்துப் புது ஓலையைச் செருகினார்கள். பிரிப்பது வேறு, செருகுவது வேறு என்று பனையேறி எனக்கு விளக்கினார். நான் பெரிய வேதபாரகனைப்போல் ஆமாம் என்றேன். ஒழுக்கு பாதியாகக் குறைந்தது. அவர்கள் யாரும் என் பிரசங்கத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இத்தனை அன்புக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனி முடிகிற நாளில், காலையில் வலி கண்டது. மருத்துவச்சி வந்து பனையேறி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மழை அன்று விட்டிருந்தது. செய்தி கேட்டு ஆண்கள் வந்து முற்றத்தில் எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஜெபிக்க முயன்றேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. உச்சிவேளைக்கு உள்ளே அவள் சத்தம் பெரிதாகக் கேட்டு, பிறகு நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. போன தடவையும் இப்படித்தான் ஒன்றும் கேட்கவில்லை. பனையேறி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் பிள்ளை அழுதது. மேட்டுக்குக் கீழே இருக்கிற வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி அழுதது.

"பெண்பிள்ள!" என்று மருத்துவச்சி கதவைத் திறந்து சொன்னாள். அவளுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. களைத்த குரல்தான், ஆனால் பழைய அதிகாரம் அதில் இருந்தது.

"கேட்டியளா? இனிமே நம்ம கூரையைப் பிரிக்கச் சொல்லுங்கோ!"

ஆண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓலை தயார், ஏணி தயார், மழையும் இல்லை. தடை சொல்ல எந்தக் காரணமும் மிச்சமில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"ஒரு பதினாறு நாள் கழியட்டும்" என்றேன்.

உள்ளே என் மனைவி சிரித்தாள். வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே நிறுத்த முடியாமல் சிரித்தாள். முற்றத்தில் அத்தனை ஆண்களுக்கும் நடுவே நின்று நான் அழுதேன்.