பெல் வராமல் கேஜ் நகராது

1

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் சர்வர் ரூம் பல வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே இரண்டு சர்வர்கள். ஒன்று வேலை செய்யும், மற்றது அதைக் கவனித்துக்கொண்டு நிற்கும். இதற்கென்றே இரண்டிலும் தனியாக இருந்த நெட்வொர்க் அடாப்டர்களை, அதாவது கேபிள் செருகும் அட்டைகளை, அப்போது ஒரே கேபிள் இணைத்தது. அதன் வழியாக முதல் சர்வர், தான் ஓடிக்கொண்டிருப்பதாக விடாமல் சிக்னல் அனுப்பும். ஹார்ட்பீட் என்போம். அது நின்றால் முதலாவது செத்துவிட்டது என்று முடிவு கட்டி, இரண்டாவது பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் காலை ரத்த வங்கி நர்ஸ் கோமதி போன் செய்தாள்.

"விமலாக்கா, இது இன்னாக்கா? ஒரே ஆளுக்கு இங்க ஒரு பிளட் குரூப், வார்டு கம்ப்யூட்டர்ல வேற குரூப் காட்டுது. ஆளு ஆபரேஷனுக்கு ரெடியா படுத்துகினு இருக்காரு. நான் எத நம்பறது?"

இரண்டையும் நம்பாதே, ரத்தத்தை மறுபடி டெஸ்ட் பண்ணு என்று சொல்லிவிட்டு சர்வர் ரூமுக்கு ஓடினேன். முதல் சர்வர் சாகவேயில்லை. செத்தது அதன் அடாப்டர்தான். நான்தான் முதலாளி என்று இரண்டும் ஒரே ஸ்டோரேஜில் எழுதித் தள்ளியதில், ஒருவர் ரிசல்ட் இன்னொருவர் பெயரில் ஏறியிருந்தது.

அந்த ஆள் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார். கோமதி ஒரு திரையை மட்டும் பார்த்து ரத்தம் அனுப்பியிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

2

பெங்களூரிலிருந்து எங்கள் கம்பெனி மேனேஜர் வந்தார். அடாப்டரை மாற்றினால் போதும் என்றார். நான் விடவில்லை. இந்தச் சிக்னலுக்கே ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு அடாப்டர் வேண்டும், கேபிள்கள் வேறு வேறு வழியில் வேறு வேறு நெட்வொர்க் சுவிட்சுக்குப் போக வேண்டும், பார்மசி கட்டடத்தில் சாட்சியாக ஒரு சின்ன மெஷின் வேண்டும் என்றேன். ஒன்றின் சிக்னல் மற்றதற்குக் கேட்காவிட்டால், அது ஓடுகிறதா என்று சாட்சியைக் கேட்க வேண்டும். சாட்சியும் பேசாவிட்டால் இரண்டுமே நின்றுவிட வேண்டும்.

மேனேஜருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நிக்கக்கூடாதுன்னுதானே ரெண்டு சர்வர் வெச்சோம்? நீங்களே நிக்கச் சொல்றீங்களே. நின்னா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். பெல் வராம கேஜ நகத்தறது எங்க ஊர்ல கெடையாது."

அவருக்குப் புரியவில்லை, விளக்கினேன். சுரங்கம் ஓடிய காலத்தில் ஆட்களை ஏற்றி இறக்கிய கூண்டுதான் கேஜ். கீழிருந்து பெல் அடித்தால்தான் மேலே அதை இழுக்கும் இன்ஜினின் டிரைவர் தூக்குவார். சத்தம் இல்லையென்றால் கீழே ஆள் இல்லை என்று அவராக முடிவு செய்ய மாட்டார். லீவரைத் தொடாமல் காத்திருப்பார். எங்கள் சர்வரோ சத்தம் நின்றதும் ஆள் போய்விட்டான் என்று கிளம்பிவிட்டது.

கேட்டுவிட்டு, சிஸ்டம் நின்றால் இந்த சைட்டில் நீங்கள் இல்லை என்றார். சரி என்றேன். நான் கேட்டபடி எல்லாம் மாட்டினோம்.

3

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் இடி விழுந்து சுவிட்சுகள் எல்லாம் கருகிப்போயின. இரண்டு சர்வருக்கும் எதுவும் கேட்கவில்லை. சொன்னபடி இரண்டும் நின்றன. மேனேஜர் போனில் கத்தினார். திட்டி முடிக்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸ்பேர் சுவிட்சை மாட்டிக்கொண்டிருந்தேன். வேலை போனாலும் போகட்டும், பதில் சிக்னல் வராமல் எதையும் ஆன் செய்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கோமதி கதவருகே வந்து நின்றாள். அவள் பேசியது ஸ்பீக்கர் போனில் மேனேஜருக்கும் கேட்டிருக்கும்.

"அவசரப்படாதீங்கக்கா. ஸ்கிரீன் நின்னதால பேப்பர்ல எழுதிகினு இருக்கோம். அன்னிக்கு நிக்காம ஓடிச்சு பாருங்க, அதான் பயம்."

வேலை முடிந்ததும் சொல்லுங்கள் என்று மேனேஜர் போனை வைத்தார். சாயங்காலம் எல்லாம் திரும்பி வந்தபோது ஒரு ரிசல்ட் கூட இடம் மாறியிருக்கவில்லை. சைட்டும் என்னிடமே இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், அடுத்த சர்வர் எத்தனை வேகத்தில் பொறுப்பெடுக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எதுவும் காதில் விழாதபோது அது என்ன செய்யும் என்று கேளுங்கள். அதைக் கேட்காமல் அடாப்டரில் கேபிளைச் செருகாதீர்கள்.