ஒரிஜினல் பீஸ்

கழுவிய செட்

“அம்மா, தேய்க்காதீங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டுக் குழாயடியில் அந்த அம்மாள் பழைய டூ-இன்-ஒன் ரேடியோ டேப்ரெக்கார்டரைத் தேங்காய் நாரும் சோப்புத் தூளும் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். பட்டன்களுக்கு மேலிருந்த வெள்ளை எழுத்துகள் போயே விட்டன.

பழைய ஸ்டீரியோ செட் வாங்கி விற்பவனுக்கு அழுக்குதான் மூலதனம். சேகரிப்பவர்கள் கீறலைப் பொறுப்பார்கள், கறையைப் பொறுப்பார்கள், புதுசாக்கியதைத் தொடமாட்டார்கள். இதை யாருக்காவது சொல்லிப் புரியவைக்க முயன்றவர்கள் இருந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். என்னிடம் தொடர்ந்து வாங்குபவர் ஒருவர்தான், பெங்களூர்க்காரர். இந்தத் தடவையும் நல்ல செட் கிடைக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கூடவே வந்திருந்தார்.

அம்மாள் செட்டைக் கவிழ்த்து நீரை வடித்தார். “வாங்க வர்றவங்களுக்கு அழுக்கோட குடுத்தா எங்க வூட்டப் பத்தி இன்னா நெனப்பீங்க?”

பூஜை போட்ட செட்

மணலூர்பேட்டையில் ஒரு கரும்பு விவசாயி. உறை போட்டு, பீரோ மேல் வைத்திருந்தார். ஆன்டெனாகூட வளையவில்லை. பெங்களூர்க்காரர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. பாட்டுப் போட்டோம். கம்பளிக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் கேட்டது.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு ஸ்பீக்கருக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறார். சல்லடையில் அடைபடாத ஓட்டையே இல்லை. ஊசியால் குத்தி எடுக்கலாமா என்று கேட்டேன்.

“சாமிக்கு வெச்சத நோண்டுவாங்களாங்க? அப்பிடியே வுடுங்க, பாட்டு வாசமா வரும்.”

வேலையில் இருக்கும் செட்

கச்சிராயபாளையம் வழியாக மலையேறினோம். ஒரு மக்காச்சோளக் கொல்லையில், கம்பில் கட்டித் தொங்கியது அது. எழுத்து, சல்லடை, கைப்பிடி எல்லாம் அப்படியே. மேலே ஒரு விரற்கடை புழுதி. பெங்களூர்க்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

கொல்லைக்காரப் பெண் பட்டனைத் தட்டினாள். “டேய், எறங்குடா! கல்லெடுத்தன்னா பாரு!” என்று ஓர் ஆண்குரல் தூக்கக் கலக்கத்தில் திட்டுவதுபோல் இழுத்து இழுத்து வந்தது. இரண்டு குரங்குகள் கதிரைப் போட்டுவிட்டு ஓடின. மூன்றாவது தின்று முடித்துவிட்டுப் போனது.

குரல் அவள் புருஷனுடையது. குடகுக்குக் காப்பித்தோட்ட வேலைக்குப் போகுமுன் பதிவு செய்து வைத்திருக்கிறான்.

“புது ஸ்பீக்கர் வாங்கி, இதே குரலை அதுல ஏத்தித் தர்றேன்மா,” என்றார் பெங்களூர்க்காரர்.

அவள் செட்டை நிறுத்தினாள். “வேற பொட்டில கொரலு மாறிடுங்க. அவரு ஊர்ல இல்லன்னு கொரங்குக்குத் தெரிஞ்சிடும்.”

சொல்லிவிட்டுக் கதிர் பொறுக்கப் போய்விட்டாள். என் ஒரே வாடிக்கையாளரும் போனார் என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் நல்ல செட்டுக்கெல்லாம் ஏற்கெனவே வேலை கிடைத்துவிட்டிருக்கிறது.

“அடுத்த வாட்டி எந்தப் பக்கம் போலாம்?” என்று கேட்டபடியே அவர் தன் பையிலிருந்து புது பேட்டரிகளை எடுத்து, செட்டில் இறங்கிப்போயிருந்த பழையவற்றுக்குப் பதிலாகப் போட்டு, மேலிருந்த புழுதி கலையாமல் மூடியை அழுத்தினார்.